இன்டர்கூலர் ஓஸ்ல ஆயில், டர்போ போச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

#1 குடியாத்தம்_டீசல்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2013 மாடல் ஏழு சீட்டர், 2.5 லிட்டர் டர்போ டீசல் (எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளற விசிறிதான் டர்போ), 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கம்பெனி பேர் போடல, போட்டா சண்டை அந்தப் பக்கம் போயிடும். டி போர்டு வண்டிதான், வேலூர் ஆஸ்பத்திரி ட்ரிப்பு, கல்யாண ட்ரிப்பு, வாரத்துல ஒரு தடவை திருப்பதி.

விஷயம் இதான். போன ஞாயித்துக்கிழமை ஏழு பேரை ஏத்திக்கினு ஏலகிரி ஏறினேன். 14 பெண்டுல ஒன்பதாவதோ பத்தாவதோ திரும்பும்போது பானட்டுக்குள்ள டப்புனு ஒரு சத்தம், அதோட பிக்கப் செத்துப்போச்சு, கண்ணாடில பாத்தா பின்னாடி ஒரே கரும்புகை. ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினா இன்டர்கூலர்ல (டர்போ அடிக்கிற சூடான காத்தை ஆற வைக்கிற ரேடியேட்டர்) இருந்து இன்ஜினுக்குப் போற ஓஸ் கழண்டு தொங்குது. உள்ள விரலை விட்டு எடுத்தா ரெண்டு விரலும் நல்லெண்ணெயில முக்கின மாதிரி வந்துச்சு. துடைச்சு, ஓஸை மாட்டி, கிளாம்பை ஸ்க்ரூ டிரைவர்ல இறுக்கி மெதுவா மேல போய் சேந்துட்டோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். ஓஸை மட்டும் உருவிப் பாத்துட்டு டர்போ சீல் போச்சு, புது டர்போ போடணும், 42 ஆயிரம்னாங்க. இன்னொரு எடத்துல கோர், அதான் டர்போவுக்குள்ள சுத்தற பாகம், அதை மட்டும் மாத்தலாம், 18 ஆயிரம்னாங்க. என் மச்சான் லாரி ஓட்டறவரு, அவரு இதெல்லாம் பிரீதர்ல வர்ற ஆயில், எல்லா டீசல்லயும் இருக்கும், தொடைச்சிட்டு ஓட்டுங்கறாரு. மூணு பேர் மூணு சொன்னா நான் யாரை நம்பறது?

ஆயில் மாத்தி 3000 கிலோமீட்டர் ஆகுது, டாப்-அப் பண்ணவே இல்ல. ஆயில் மட்டம் பாக்கற கேஜ் கம்பில பாத்தேன், நல்லாதான் இருக்கு, மேக்ஸுக்கு மேலயே இருக்கு. ஊதா புகை கவனிச்ச வரைக்கும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல ரொம்ப நேரம் நின்னுட்டு கிளம்பினா மட்டும் முதல் மிதில ஒரு பொகை வரும், அப்பறம் நின்னுடும்.

#2 சத்துவாச்சாரி_ஸ்பேனர்

தம்பி, 42 ஆயிரத்தை பாக்கெட்லயே வை, அவசரப்படாத. இருபது வருசமா இதே வேலைதான் பாக்குறேன், ஓஸ்ல ஆயில் இருந்தாலே டர்போ போச்சுன்னு சொல்றது ஜுரம் வந்தாலே டைபாய்டுன்னு சொல்ற மாதிரி.

காத்து எந்த வழியா வருதுன்னு ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாரு. ஏர் ஃபில்டர், அப்பறம் ஒரு பெரிய ரப்பர் பைப்பு, அந்தப் பைப்புல நடுவுல வால்வ் கவர்ல இருந்து ஒரு சின்ன ஓஸ் வந்து சேரும், அதான் பிரீதர். அதைத் தாண்டினா டர்போவோட காத்து அடிக்கிற பக்கம், அங்க இருந்து இன்டர்கூலர், இன்டர்கூலர்ல இருந்து இன்டேக் மேனிஃபோல்டு, அதான் காத்து இன்ஜினுக்குள்ள நுழையற எடம். நீ விரல் விட்டுப் பாத்தது கிட்டத்தட்ட கடைசி எடம். கடைசில ஈரம் இருக்குன்னா முன்னாடி எங்க இருந்து வேணா வந்திருக்கலாம். அதை வச்சி ஒருத்தன் டர்போன்னு சொன்னா அது ஜோசியம்.

இன்ஜின் நல்லா ஆறினதுக்கப்பறம் ஏர் ஃபில்டர் பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா கழட்டி உள்ள வெள்ளை பனியன் வேஸ்ட்டை விட்டுத் தொடைச்சிப் பாரு, கலர் வேஸ்ட் வேணாம் தெரியாது. ஃபில்டருக்கும் பிரீதர் சேர்ற எடத்துக்கும் நடுவுல காஞ்சி இருக்கணும். பிரீதர் சேர்ற எடத்துல இருந்தே ஈரம் ஆரம்பிச்சா அந்த ஆயில் டர்போவுக்கு முன்னாடியே வந்திருக்கு, பாதி வழக்கு அங்கயே முடிஞ்சிது. டர்போ வாய் வரைக்கும் காஞ்சி இருந்து டர்போவைத் தாண்டினதும் சொதசொதன்னு இருந்தா அப்ப டர்போவைப் பத்திப் பேசலாம்.

டர்போ வாயைத் திறந்தப்பவே விசிறி மாட்டியிருக்கிற சாஃப்ட்டையும் ஆட்டிப் பாத்துடு. விசிறியோட நடு நட்டைப் பிடிச்சி மேலயும் கீழயும் ஆட்டினா லேசா ஆடும், அதுக்குப் பயப்படாத, அது ஆயில் மேல மிதக்குற சாஃப்ட், ஆயில் இல்லாதப்ப கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனா ஆட்டும்போது பிளேடு சுவத்துல உரசக் கூடாது. முன்னயும் பின்னயும் இழுத்துத் தள்ளினா கைக்கே தெரியக் கூடாது, தெரிஞ்சா அந்த டர்போ முடிஞ்சிது. பிளேடு நுனி பளபளன்னு தேஞ்சிருக்கா, வாய் சுவத்துல கோடு விழுந்திருக்கான்னு டார்ச் அடிச்சிப் பாரு.

#3 புதுசு_புதுசா

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும் அண்ணா. பிரீதர்னா இன்னா, அது எதுக்கு ஆயிலை ஏர் பைப்புல கொண்டாந்து விடணும்? வெளிய விட்டா ஆகாதா?

#4 காட்பாடி_ஜங்ஷன்

நல்ல கேள்விதான் தம்பி, நான் சொல்றேன். பிஸ்டன் ரிங் எவ்ளோ நல்லா இருந்தாலும் எரியற காத்துல கொஞ்சம் ரிங்கைத் தாண்டி கீழ சேம்பருக்குள்ள, அதாவது ஆயில் நிக்கிற அடிப்பகுதிக்குள்ள, இறங்கும். நம்ம ஊர் மெக்கானிக் பாஷைல பேக் கம்ப்ரஷன். அந்தக் காத்து கீழயே நின்னா பிரஷர் ஏறி ஆயில் சீல், பேக்கிங் எல்லாத்தையும் பிதுக்கிடும், அதனால வெளிய விட ஒரு வழி வேணும், அதான் பிரீதர். சேம்பருக்குள்ள ஆயில் தெறிச்சிக்கினே இருக்கிறதால அந்தக் காத்துல ஆயில் மூடுபனி மாதிரி கலந்திருக்கும். வால்வ் கவருக்குள்ள தடுப்புத் தகடு வச்சி ஆயிலைத் தனியாப் பிரிச்சி திரும்ப கீழ அனுப்பற மாதிரி பண்ணியிருப்பாங்க, ஆனா நூத்துக்கு நூறு பிரியாது, மிச்சம் காத்தோட போகும். பழைய வண்டில ரோட்டைப் பாத்து விட்டுடுவான், அதனாலதான் பழைய லாரி நிக்கிற எடத்துலல்லாம் தரை கருப்பா இருக்கும். புது வண்டில புகைச் சட்டம் வந்தப்பறம் திரும்ப இன்ஜினுக்கே குடிக்கக் கொடுக்கறான்.

அதனால லட்சம் கிலோமீட்டர் தாண்டின எந்த டர்போ டீசலோட இன்டர்கூலரைக் கவுத்தாலும் ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் வரும், அது நோய் இல்ல. ஒரு டம்ளர் வந்தா நோய்.

அப்பறம் டர்போ சீல் டர்போ சீல்னு சொல்றாங்களே, நிறைய பேர் அதை ரப்பர் சீல்னு நெனச்சிக்கினு இருக்காங்க. ரப்பர் அங்க நிக்குமா? எக்ஸாஸ்ட் பக்கம் 700 டிகிரி, சாஃப்ட் நிமிசத்துக்கு லட்சத்துக்கு மேல சுத்தும். உள்ள இருக்கிறது பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு ரிங், அவ்ளோதான். அது ஆயிலை அடைச்சி வைக்கிறது இல்ல. ரெண்டு பக்கமும் காத்து பிரஷர் இருக்கிறதாலயும் உள்ள வந்த ஆயில் தானா கீழ வடிஞ்சிடறதாலயும்தான் ஆயில் உள்ளயே நிக்குது. கீழ வடியற பைப் அடைச்சாலோ, சேம்பர்ல பிரஷர் ஏறி வடிய விடாம தள்ளினாலோ, நல்ல டர்போவே ஆயில் கக்கும். புது டர்போ போட்டாலும் கக்கும். 42 ஆயிரம் போட்டு ரெண்டாவது வாரமே திரும்பி வந்த கதை எத்தினி பாத்துட்டேன்.

#5 வாலாஜா_லாரி

எல்லாரும் டர்போ இல்ல டர்போ இல்லன்னு தைரியம் சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எனக்கும் இப்பிடித்தான் பிரீதர் ஆயில்னு சொன்னாங்க, நானும் தொடைச்சித் தொடைச்சி ஓட்டினேன். ரெண்டு மாசம் முன்னாடியே விசில் சத்தம் மாறியிருந்துச்சு, ஊய்ங்னு சைரன் மாதிரி, அதைத்தான் நான் கவனிச்சிருக்கணும், கவனிக்கல.

லோடு ஏத்திக்கினு பெங்களூர் ரோட்ல பள்ளிகொண்டா டோல் தாண்டி கொஞ்ச தூரம், ராத்திரி ரெண்டு மணி. நான் காலை எடுத்துட்டேன் ஆனா இன்ஜின் எடுக்கல, சத்தம் ஏறிக்கினே போவுது. ஓரங்கட்டி சாவியைத் திருப்பி ஆஃப் பண்றேன், நிக்கல. சாவி என் கையில இருக்கு, இன்ஜின் கத்துது. பின்னாடி வர்ற வண்டி லைட்டே தெரியாத அளவுக்கு வெள்ளையும் ஊதாவும் கலந்த பொகை, ரோடு முழுக்க. கிளீனர் பையன் குதிச்சி வயக்காட்டுப் பக்கம் ஓடிட்டான். டர்போ உடைஞ்சி ஆயில் நேரா இன்டேக்ல ஊத்துது, இன்ஜின் டீசலே வேணாம்னு அந்த ஆயிலைக் குடிச்சிக்கினு ஓடுது. ஆயில் தீர்ற வரைக்கும் இல்ல உடையற வரைக்கும் ஓடும்.

எங்க மாமா எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. டாப் கியரைப் போட்டு, ஃபுட் பிரேக்கை முழுசா மிதிச்சி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டு கிளட்ச்சை சடார்னு விட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்னுச்சு. கிளட்ச் கருகின வாசம் ஒரு வாரம் போகல, ஆனா இன்ஜின் பொழச்சிது.

அதனால குடியாத்தம் தம்பி, பிரீதரா இருந்தா சந்தோசம், ஆனா சாஃப்ட்டை ஆட்டிப் பாக்காம மட்டும் இன்னொரு தடவை ஏலகிரி ஏறாத.

#6 சத்துவாச்சாரி_ஸ்பேனர்

வாலாஜா அண்ணன் சொன்னதை எல்லாரும் மனசுல வச்சிக்கங்க. ஒண்ணு சேத்துக்கறேன், இந்த மாதிரி ஓடும்போது சில பேர் பானட்டைத் தூக்கி ஏர் பைப்பை உருவி கையால பொத்தப் போவாங்க. செத்தாலும் பண்ணாதீங்க, அந்த இழுப்புக்கு கை உள்ள போனா விரல் திரும்பாது, இன்ஜின் உடைஞ்சா துண்டு நேரா மூஞ்சிக்கு வரும். கியர் வண்டின்னா அண்ணன் பண்ண மாதிரி உக்காந்த எடத்துல இருந்தே டாப் கியர்ல அமுக்கி நிறுத்து. ஆட்டோமேட்டிக்னா அந்த வழி இல்ல, ஆளுங்களை இறக்கி தூரமா கூட்டிக்கினு போயிடு.

#7 கரும்புகை

இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு. ஆயில் லூசா இருக்கு அதான் வெளிய வருது. 20டபிள்யூ50 கெட்டி ஆயில் ஊத்துங்க, கூட ஒரு டப்பா ஆயில் கெட்டி மருந்து ஊத்துங்க, நின்னுடும். எங்க வண்டிக்கு அப்படித்தான் பண்ணோம்.

#8 காட்பாடி_ஜங்ஷன்

கரும்புகை ஜி, உங்க பேரே உங்க வைத்தியத்தைச் சொல்லுது :) கோச்சிக்காதீங்க. கெட்டி ஆயில் காலைல முதல் ஸ்டார்ட்ல டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேர நேரமாகும், அந்த நாலஞ்சு செகண்டுல சாஃப்ட் காஞ்சி சுத்தும். நம்ம வேலூர் வெயில்ல கெட்டி ஆயில்தான் நல்லதுன்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா இருக்கு, பழைய இன்ஜினுக்கு சரி. மேனுவல்ல இன்னா கிரேடு போட்டிருக்கோ அதை ஊத்துங்க. மருந்து டப்பா பத்தி நான் பேசவே போறது இல்ல.

#9 குடியாத்தம்_டீசல்

நேத்து ராத்திரி ட்ரிப்பு முடிச்சிட்டு வந்து காலைல ஆறின வண்டிய கழட்டினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் போதும், பயந்த அளவுக்கு இல்ல.

ஏர் ஃபில்டர் பாத்ததும் எனக்கே வெக்கமா போச்சு. அடில ஒரு கைப்பிடி புழுதி, மடிப்பெல்லாம் மூடி காவி வேட்டி மாதிரி இருக்கு. கிரஷர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ரெண்டு மாசம் ஆள் ஏத்தினேன், அதுதான். ஃபில்டருக்கு அப்பறம் பைப் காஞ்சி இருக்கு. பிரீதர் சேர்ற எடத்துல இருந்து கீழ் பக்கம் ஈரம், வெள்ளை வேஸ்ட் கருப்பா வந்துச்சு. டர்போ வாய்ல சுத்தியும் ஈரம். சாஃப்ட் மேலயும் கீழயும் மயிரிழை ஆடுது, பிளேடு எங்கயும் இடிக்கல, முன்ன பின்ன ஒண்ணும் தெரியல. பிளேடு நுனி நல்லா இருக்கு, சுவத்துல கோடு இல்ல.

ஆனா டர்போக்கு அப்பறம் உள்ள பைப்புல முன்னாடி இருக்கிறதை விட ஜாஸ்தியா இருக்கு. இன்டர்கூலரை கழட்டிக் கவுத்தேன், ஒரு டீ கிளாஸ்ல முக்கால் வந்துச்சு. அப்ப ரெண்டு பக்கமும் தப்பா?

#10 சத்துவாச்சாரி_ஸ்பேனர்

சபாஷ் தம்பி, ஒர்க்‌ஷாப்புல யாரும் பாக்காததை நீ பாத்துட்ட. டர்போக்கு அப்பறம் ஜாஸ்தி இருக்கிறதை வச்சி மட்டும் பயப்படாத, முன்னாடி ஒட்டற ஆயிலை காத்து இழுத்துக்கினு போய் குளிர்ற எடத்துல போடும், இன்டர்கூலர்தான் அதுக்குக் குப்பைத் தொட்டி.

இப்ப ரெண்டையும் பிரிக்கணும். இன்டர்கூலர், பைப் எல்லாம் சுத்தமா தொடைச்சி மாட்டு. பிரீதர் ஓஸை ஏர் பைப்புல இருந்து கழட்டி, ஒரு ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல விட்டுக் கட்டு. பாட்டில் வாயை அடைச்சிடாத, பக்கத்துல நாலு ஓட்டை போடு, இல்லன்னா பிரஷர் ஏறி வேற கதை ஆயிடும். பாட்டிலை எக்ஸாஸ்ட் கிட்ட கட்டாத, உருகிடும். ஏர் பைப்புல கழட்டின ஓட்டையை மறக்காம அடைச்சிடு, ஒரு போல்ட்டை உள்ள விட்டு கிளாம்ப் போடு, அடைக்கலன்னா ஃபில்டர் ஆகாத புழுதி நேரா டர்போ பிளேடுக்குப் போகும். புது ஏர் ஃபில்டர் போட்டுட்டு 250 கிலோமீட்டர் ஓட்டு. அப்பறம் பாட்டில்ல எவ்ளோ, டர்போக்கு அப்பறம் பைப்புல எவ்ளோன்னு தனித்தனியா பாரு. பாட்டில்ல நிறைய, பைப் காஞ்சி இருந்தா டர்போ நிரபராதி. பாட்டில்ல ஒண்ணும் இல்ல பைப்புல ஈரம்னா டர்போதான் குத்தவாளி.

இன்னொண்ணு. முதல் பதிவுலயே எழுதியிருக்க, கேஜ்ல மேக்ஸுக்கு மேல இருக்குன்னு. எவ்ளோ மேல? இதை யாருமே கேக்கலையே, நானும்தான் விட்டுட்டேன்.

#11 தாத்தா_டிராக்டர்

ஆரணி பக்கம் இருந்து ஒரு கெழவன் பேசறேன். நான் வட ஆற்காடு ஜில்லான்னு ஒரே ஜில்லாவா இருந்த காலத்து ஆளு, 1989ல பிரிச்சாங்க, 2019ல திரும்ப மூணாப் பிரிச்சாங்க, இப்ப எந்த ஆபீஸ் எங்க இருக்குன்னு எனக்கே கொழப்பம், அது போகட்டும்.

அந்தக் காலத்து டிராக்டர்ல ஏர் ஃபில்டரே ஆயில் கிண்ணம்தான், காத்து ஆயில் மேல உரசிப் போகும், தூசி ஆயில்ல ஒட்டிக்கும். ஒரு வருசம் என் தம்பி மகன் கிண்ணத்துல கோடு தாண்டி ரொப்பிட்டான், நிறைய இருந்தா நிறைய சுத்தம் ஆகும்னு நெனச்சானாம். ஸ்டார்ட் பண்ணினா வண்டி தானா ரேஸ் ஆவுது. ரெண்டு பேர் சேந்து சாக்கை மடிச்சி வாய்ல அடைச்சி நிறுத்தினோம். கோடு போட்டிருக்கான்னா அது வரைக்கும்தான், மேல ஊத்தினா ஊத்தினவன் தலையிலதான் விடியும். கேஜுக்கும் அதே கணக்கு.

#12 புதுசு_புதுசா

கேஜ்ல மேல இருந்தா நல்லதுதானே, குறைஞ்சாதானே பிரச்சனைன்னு நெனச்சேன்.

#13 காட்பாடி_ஜங்ஷன்

அப்படித்தான் எல்லாரும் நெனக்கிறோம். சாதம் ரொப்பின பானைய அடுப்புல வச்சா பொங்கி வழியற மாதிரிதான். ஆயில் மட்டம் ஏறிட்டா கிராங்க் சுத்தும்போது ஆயிலைச் சட்டினி அரைக்கிற மாதிரி அடிச்சி நுரையாக்கும், பிரீதர்ல போற காத்துல பொகை மாதிரி ஆயில் கலக்கும். கூட டர்போல இருந்து ஆயில் வடிஞ்சி வந்து சேர்ற எடத்துக்குப் பக்கத்துல மட்டம் வந்துட்டா வடியறதும் மெதுவாகும். ஒரே தப்பு ரெண்டு பக்கமும் ஆயில் கக்க வைக்குது.

#14 ராணிப்பேட்டை_பிஎஸ்6

இங்க ஒண்ணு கேக்கலாமா? என்னோடது 2021 வண்டி, பிஎஸ் 6. நான் ஆயில் ஊத்தவே இல்ல, ஆனா கேஜ்ல தானா ஏறிக்கினே போவுது. வீடு ஆபீஸ் வீடு ஆபீஸ், தினம் ஆறு கிலோமீட்டர்தான் ஓடும்.

#15 சத்துவாச்சாரி_ஸ்பேனர்

அது ஆயில் ஏறல சார், டீசல் இறங்கியிருக்கு. புகைக் கரியை எரிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கில்ல, அது எரியறப்ப கூட டீசல் அடிக்கும், அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சி சேம்பருக்குப் போகும். நீண்ட தூரம் ஓடினா அந்த எரிப்பு முழுசா முடியும், ஆறு கிலோமீட்டர்ல ஆரம்பிச்சி பாதில சாவியை அணைச்சா திரும்பத் திரும்ப டீசலை அடிச்சிக்கினே இருக்கும். கேஜ் எடுத்து மோந்து பாருங்க, டீசல் வாசம் வரும். ஆயில் மாத்துங்க, வாரத்துல ஒரு நாளாவது ஹைவேல ஒரு மணி நேரம் ஓட்டுங்க. அப்படியும் ஏறினா இன்ஜெக்டரை செக் பண்ணணும். தனி இழை போடுங்க சார், இதுல கலந்தா குடியாத்தம் தம்பி கொழம்பிடுவான்.

#16 குடியாத்தம்_டீசல்

அண்ணா நான் கொழம்பல, நல்லா தெளிஞ்சேன் :)

இன்னிக்கி கேஜை சமதரைல, ராத்திரி முழுக்க நின்ன வண்டில, தொடைச்சிட்டு விட்டுப் பாத்தேன். மேக்ஸ் கோட்டுக்கு மேல என் கட்டை விரல் நகம் அகலம். இதுல கூத்து என்னன்னா அன்னிக்கி ஆயில் மாத்தும்போது நானும் பக்கத்துலதான் நின்னேன். மேனுவல்ல ஃபில்டரோட சேத்து 6 லிட்டர்னு இருக்கு. அவன் 7 லிட்டர் கேனை அப்படியே கவுத்தான், மிச்சம் வச்சா வீட்ல என்ன பண்ணப்போறீங்கன்னு கேட்டான், நானும் சிரிச்சேன். சரிவுல வேற நின்னுச்சு வண்டி, பழசு முழுசா வடிஞ்சிருக்காது.

அதை அப்படியே விட்டுட்டு முதல்ல பாட்டில் டெஸ்ட்டை ஓட்டினேன், வேணும்னேதான், வித்தியாசம் தெரியட்டும்னு. திருப்பதி போய் வந்தேன், வேலூர் சுத்தினது சேத்து 260 கிலோமீட்டர். பாட்டில்ல வந்தது இட்லி மாவு அளக்கற சின்ன கப்ல ஊத்திப் பாத்தா 45 மில்லி. கருப்பு ஆயில், பாட்டில் சுவத்துல மேல கொஞ்சம் தண்ணி ஈரம். டர்போக்கு அப்பறம் பைப் பாத்தா லேசா ஒரு பூச்சு, வேஸ்ட்ல அழுக்கு ஒட்டுது, சொட்டு இல்ல.

#17 சத்துவாச்சாரி_ஸ்பேனர்

அப்ப தொண்ணூறு பங்கு பிரீதர்தான். இப்ப கேள்வி, பிரீதர்ல ஏன் இவ்ளோ வருது? மட்டம் ஜாஸ்தி, அது தெரிஞ்ச காரணம். தெரியாத காரணம் ரிங் தேய்மானம், இல்ல வால்வ் கவருக்குள்ள ஆயில் பிரிக்கிற அறை சேறு பிடிச்சி அடைச்சிருக்கலாம்.

ரிங்கைப் பாக்க எளிய வழி, இன்ஜின் சூடானதும் ஐடில்ல ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து தலைகீழா அப்படியே வாய்ல வச்சிப் பாரு. லேசா ஆடிக்கினு உக்காந்திருந்தா சரி, தூக்கித் தூக்கிப் போட்டா பேக் கம்ப்ரஷன் ஜாஸ்தி. இதுலயும் ஏமாறாத, சில இன்ஜின்ல வால்வ் ஆடற காத்துக்கே மூடி குதிக்கும். சந்தேகம்னா கம்ப்ரஷன் கேஜ் வச்சிப் பாக்கறதுதான் கணக்கு. நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட கிட்ட இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா கீழ விழுந்தா அந்த சிலிண்டர்ல வேலை இருக்கு.

#18 ஆம்பூர்_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், நம்மளும் ஒரு வார்த்தை. தம்பி இன்டர்கூலரைக் கழுவினியே, எதுல கழுவின? நம்ம பட்டறைக்கு ஒருத்தர் பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டு அப்படியே மாட்டிட்டாரு. ஸ்டார்ட் பண்ண உடனே அந்த மிச்சம் பெட்ரோலை இன்ஜின் குடிச்சி டக் டக்னு அடிச்சிது, நல்ல வேளை நின்னுச்சு. டீசல்ல கழுவினாலும் சரி மண்ணெண்ணையில கழுவினாலும் சரி, கவுத்து வச்சி வடிய விட்டு, சோப்புத் தண்ணில அலசி, காத்து அடிச்சி, நம்ம ஊர் வெயில்ல அரை நாள் காய வைக்கணும். வெயிலுக்கா பஞ்சம்.

இன்னொண்ணு, அந்த ஓஸ் ஏன் கழண்டுச்சுன்னு யாரும் பேசல. ஆயில் ஊறின ரப்பர் உப்பும், உள் பக்கம் வழுக்கும். ஸ்க்ரூ டிரைவர்ல இறுக்கினது மேல போய் சேர போதும், நிரந்தரம் இல்ல. வாயை நல்லா தொடைச்சி, ஓஸ் பஞ்சு மாதிரி அமுங்கினா புது ஓஸ் போடு, அகலமான கிளாம்ப் போடு. கரும்புகை வந்தது அந்த ஓஸ் கழண்டு காத்து வெளிய போனதாலதான், டர்போவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

#19 காட்பாடி_ஜங்ஷன்

பாய் சொன்னது சரி. குடியாத்தம் தம்பி, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது ஏசி போட்டுக்கினு இன்ஜின் ஓட விடுவியா?

#20 குடியாத்தம்_டீசல்

ஆமாண்ணா. கல்கத்தால இருந்து வர்ற பார்ட்டி, வயசானவங்க, வண்டியிலயே உக்காந்திருப்பாங்க. மே மாசத்துல ஏசி இல்லாம உக்கார முடியுமா. சில நாள் மூணு மணி நேரம் ஐடில்லயே நிக்கும்.

#21 காட்பாடி_ஜங்ஷன்

அதான் அந்த முதல் மிதி பொகை. ஐடில்ல டர்போ சும்மா சுத்தும், காத்து அழுத்தம் இருக்காது, ஆனா ஆயில் மட்டும் உள்ள வந்துக்கினே இருக்கும். அழுத்தம் இல்லாத பக்கம் ஆயில் மெல்ல கசியும். அதோட ஃபில்டர் வேற அடைச்சிருந்துச்சு உனக்கு, மிதிச்சா முன்னாடி காத்துக்கு மூச்சு முட்டி டர்போ வாய்ல இழுப்பு ஜாஸ்தியாகி ஆயிலையும் சேத்து உறிஞ்சும், ஸ்ட்ரா அடைச்சிட்டு உறிஞ்சற மாதிரி. இந்த ரெண்டுக்கும் டர்போவைக் குத்தம் சொல்ல முடியாது.

பார்ட்டிய எறங்கச் சொல்ல முடியாதுதான். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிசம் 1500 ஆர்பிஎம்ல பிடிச்சிட்டு விடு, முடிஞ்சா நிழல்ல நிறுத்து.

#22 குடியாத்தம்_டீசல்

கடைசி ரிப்போர்ட்.

கேஜ் விடற குழாயில மெல்லிசு ட்யூபை விட்டு பெரிய ஊசி சிரிஞ்சால இழுத்து 1.3 லிட்டர் எடுத்தேன், இப்ப மேக்ஸுக்கு ஒரு நூல் கீழ. சத்துவாச்சாரி அண்ணன் சொன்ன மூடி டெஸ்ட்டுல மூடி லேசா ஆடிச்சு, தூக்கல. வால்வ் கவரைக் கழட்டினா பிரிக்கிற அறை ஓட்டைல கருப்புச் சேறு, விபூதிய தண்ணில கொழைச்ச மாதிரி கெட்டியா, கருப்பா. மண்ணெண்ணெய்ல ஊற வச்சி பழைய டூத் பிரஷ்ல தேச்சிக் கழுவி, வெயில்ல காய வச்சி மாட்டினேன். கவர் பேக்கிங் புதுசு 650 ரூபாய், ஏர் ஃபில்டர் 480, இன்டர்கூலர் ஓஸ் ஒண்ணும் கிளாம்ப் நாலும் சேத்து 1,900. மொத்தம் 3,030.

திரும்ப பாட்டில் கட்டி 255 கிலோமீட்டர், அதுல ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் ரெண்டு மணி நேரம் ஐடில் வேற. பாட்டில்ல வந்தது 8 மில்லி. டர்போக்கு அப்பறம் பைப்புல வேஸ்ட் விட்டா மங்கலா ஒரு கறை, முன்ன மாதிரி ஈரம் இல்ல. ஓஸைத் திரும்ப ஏர் பைப்புலயே மாட்டிட்டேன்.

நேத்து ஏழு பேரோட ஏலகிரி ஏறினேன். 14 பெண்டும்.

#23 வாலாஜா_லாரி

விசில் சத்தம் எப்பிடி இருக்கு?

#24 குடியாத்தம்_டீசல்

பழைய மாதிரியேதான் அண்ணா. ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அந்தப் பைப்பைக் கழட்டி சாஃப்ட்டை ஆட்டிப் பாக்கறதா முடிவு, மொபைல்ல அலாரம் வச்சாச்சு.

#25 புதுசு_புதுசா

அண்ணா அந்த கிளாம்ப் என்ன சைஸ்? என் வண்டிலயும் நேத்து விரல் விட்டுப் பாத்தேன்…

#26 ஆம்பூர்_பாய்

வந்துட்டானா அடுத்த ஆளு. ஓஸோட வெளி வட்டத்தை நூல் போட்டு அளந்து எழுது தம்பி, சொல்றேன். கூடவே கேஜையும் பாத்துட்டு வா.